ஊர்ப் பஞ்சாயத்து சொன்னதே கடைசி முடிவா?

வடசென்னையில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்த பெண் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. தாய் முன்பே காலமாகிவிட்டார். தந்தை உயில் எதுவும் எழுதாமல் மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்தார். அவர் தம் உழைப்பில் வாங்கிய, பத்திரமும் பட்டாவும் உள்ள சிறிய வீடு ஒன்று இருக்கிறது. அண்ணன்கள் இருவர், இவர் ஒருவர். கணவரை இழந்து, மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் இவர் தம் பங்கைக் கேட்டபோது ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. வீடு ஆண்பிள்ளைகளுக்கே, தங்கைக்கு ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்தால் போதும் என்று முடிவு சொல்லி, வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போலீஸுக்கோ கோர்ட்டுக்கோ போனால் ஊர்க்கட்டுப்பாட்டை மீறியதாகத் தெண்டம் விதிப்போம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இந்த முடிவு செல்லுமா, கையில் பணமில்லாதவர் எங்கே போவது, ஊரைப் பகைத்துக்கொள்ளாமல் உரிமையைப் பெற முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்கான பதிலை உடனே சொல்லிவிடுகிறேன். அந்த முடிவு உங்களைக் கட்டுப்படுத்தாது. அந்தத் தாளில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். தந்தை தாமே சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுச்சென்றால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. தந்தையின் தாயான உங்கள் பாட்டி உயிருடன் இல்லாத நிலையில் மூவருக்கும் மூன்றில் ஒன்று. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பெண் வாரிசு தானாகப் பாகப்பிரிவினை கேட்க முடியாது என்று முன்பு அதே சட்டத்தில் 23ஆம் பிரிவாக ஒரு தடை இருந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கிவிட்டது. பஞ்சாயத்தில் பேசிய பெரியவர்களில் சிலர் அந்தப் பழைய தடையைத்தான் இன்னமும் சட்டமென்று நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

"கோர்ட்டுக்குப் போகக் கூடாது" என்ற நிபந்தனையைப் பொறுத்தவரை, உரிமையை நிலைநாட்ட நீதிமன்றத்தை அணுகுவதை முற்றிலுமாகத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. நீங்களே மனமுவந்து எழுதிக்கொடுத்தாலும் அந்த ஒரு வரி செல்லாது. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் பதிவு செய்யப்பட்ட பத்திரம் வேண்டும் என்பது பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. வெள்ளைத்தாள் அதற்குப் போதாது. ஆனாலும், செல்லாத தாள்தானே, போட்டுக்கொடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். குடும்பத்துக்குள் வாய்மொழியாக முன்பே முடிந்த ஏற்பாட்டை நினைவுக்காக எழுதிவைக்கும் தாளுக்குப் பதிவு தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1976இல் சொல்லியிருக்கிறது. குடும்ப ஏற்பாடுகளை நீதிமன்றங்கள் பொதுவாக மதித்தே பார்க்கின்றன. உங்கள் கையெழுத்துள்ள தாளையும் ஐம்பதாயிரம் வாங்கிய ரசீதையும் அண்ணன்களின் வக்கீல் அந்தக் கோணத்தில்தான் நீதிபதியிடம் நீட்டுவார். மிரட்டி வாங்கிய சம்மதம் என்று நிரூபித்தால் அதை ரத்துச் செய்யவைக்க முடியும். ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும், சாட்சி சொல்ல வேண்டியவர்களோ அதே ஊர்க்காரர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, ஊர்ப் பஞ்சாயத்து என்றாலே அநியாயம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வக்கீலாகவும் சமரசராகவும் இருந்து வருகிறேன். குப்பத்துப் பஞ்சாயத்து இல்லையென்றால் யாராலும் தீர்த்திருக்க முடியாத தகராறுகளை நேரில் பார்த்திருக்கிறேன். காசிமேட்டிலிருந்து போன விசைப்படகு ஒன்று, ராத்திரியில் விரித்திருந்த ஃபைபர் படகுக்காரரின் வலையை அறுத்துக்கொண்டு போய்விடுகிறது. கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தில் விதி இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் அறுந்தது என்பதற்குக் கடலில் கல் நட்டு வைத்திருக்கிறார்களா? படகின் எண்ணை இருட்டில் யார் பார்த்தார்கள்? நஷ்டஈட்டு வழக்குப் போட்டால் தீர்ப்பு வருவதற்குள் அந்தக் குடும்பம் கந்துவட்டிக்காரரிடம் புது வலைக்குக் கடன் வாங்கி முழுகியிருக்கும். பஞ்சாயத்து அதை இரண்டு நாளில் முடிக்கிறது. வலையின் கிழிந்த முனையைப் பார்த்தே எத்தகைய படகு இழுத்தது என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். நஷ்டத்தைக் கணக்குப் போட்டு, பாதியை உடனே, மீதியை அடுத்த மாதம் என்று தீர்க்கிறார்கள். பணமும் பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடுகிறது. எந்த வலையை எந்தக் காலத்தில் இறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போடுவது, காணாமல் போன படகைத் தேடப் போவது, திருவிழாவுக்கு வரி வசூலிப்பது எல்லாம் அதே அமைப்புத்தான். 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பட்டியல் எடுக்கக் கடலோரம் வந்தவர்கள் முதலில் கேட்டதும் ஊர்ப் பஞ்சாயத்தாரைத்தான்.

அந்தப் பட்டியல்களிலேயே உங்கள் பிரச்சினையின் வேரும் தெரிந்தது. பல குப்பங்களில் ஊரின் உறுப்பினர் என்றால் வரி கொடுப்பவர். வரி கொடுப்பவர் என்றால் கல்யாணமான ஆண். ஊர்க் குடும்பங்களின் பட்டியலான தலைக்கட்டுக் கணக்கு அப்படித்தான் எழுதப்படுகிறது. விதவைக்கும், தனித்து வாழும் பெண்ணுக்கும் அந்தக் கணக்கில் அரை இடம் இருக்கும், அல்லது இடமே இருக்காது. நிவாரணப் பட்டியலில் அவர்கள் பெயர்கள் விடுபட்டதற்கு யாருடைய கெட்ட எண்ணத்தையும் தேட வேண்டியதில்லை, கணக்கு எழுதும் முறையே போதுமானதாக இருந்தது. வலை அறுந்த வழக்கில் இருதரப்பும் வரிக்காரர்கள், இருவருக்கும் பேச இடம் உண்டு, இருவரும் நாளை மறுபடி கடலில் சந்தித்தாக வேண்டும். தங்கை பங்கு கேட்கும் வழக்கில் ஒரு தரப்பு மட்டும்தான் ஊராராகிறது. ஒரே பஞ்சாயத்து ஒன்றில் நியாயமாகவும் மற்றொன்றில் அநியாயமாகவும் முடிவு சொல்வதற்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

ஓர் ஊர்க்கூட்டத்தில், இரு தரப்பும் கேட்டுக்கொண்டதால், ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அம்மன் கோயில் முன்னால் விளக்குக் கம்பத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் ஒரு சிமெண்டுத் திண்ணை. இருதரப்பும் ஆளுக்கு ஐயாயிரம் முன்பணம் கட்டியிருந்தார்கள். முடிவை ஏற்காதவருக்கு அது திரும்பக் கிடைக்காது. புகார் கொடுத்த பெண் கோயில் மதிலோரம் மற்ற பெண்களோடு நின்றிருந்தார். அவருக்காக அவருடைய தாய்மாமன் பேசினார். பேசி முடித்ததும் பெரியவர் ஒருவர், "ஏம்மா, மாமா சொன்னதுதானே உன் பேச்சும்?" என்று கேட்டார். அந்தப் பெண் தலையை ஆட்டினார். பிறகு என்னிடம் தனியே வந்து, "மாமா முக்கியமானதைச் சொல்லவே இல்லை சார், அவருக்கும் என் அண்ணனுக்கும் படகுல கூட்டு இருக்கு" என்றார். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் அதை அவர் எப்படிச் சொல்வார்? வெட்கம் என்பது பஞ்சாயத்தின் பெரிய ஆயுதம். கடனைத் திருப்பித் தராதவனை அது வழிக்குக் கொண்டுவருகிறது. சொந்த மாமனை மறுத்துப் பேச வேண்டிய பெண்ணின் வாயையும் அதுவே அடைத்துவிடுகிறது.

ஆகவே ஒரு பஞ்சாயத்து நல்லதா கெட்டதா என்று அளக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: அதன் முடிவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒருவர் வேறிடம் போக முடியுமா? முடியுமென்றால் அது சமரசம், அதைச் சட்டமும் தடுப்பதில்லை. மறுத்தால் தெண்டம், ஊர் விலக்கு, தண்ணீர்க் குழாயில் இடமில்லை, மீன் ஏலத்தில் கூடை எடுக்கக் கூடாது என்றெல்லாம் வந்தால் அது கட்டப்பஞ்சாயத்து. உட்கார்ந்திருப்பவர்கள் ஊர்ப் பெரியவர்களா, பங்கில் சதவீதம் பேசும் ரவுடிகளா என்பதால் அது மாறிவிடாது. சென்னைக்காரர்கள் இந்தச் சொல்லைப் பெரும்பாலும் இரண்டாம் வகையாருக்கே, காலிமனைத் தகராறிலும் வாடகை வீட்டைக் காலி செய்வதிலும் புகுந்து காசு பார்ப்பவர்களுக்கே, பயன்படுத்துகிறார்கள். உச்ச நீதிமன்றம் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. 2011இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில், வடமாநிலச் சாதிப் பெரியவர்கள் கூடி முடிவு சொல்லும் காப் பஞ்சாயத்துகளையும் நம்முடைய கட்டப்பஞ்சாயத்துகளையும் ஒன்றாகவே வைத்து, அவை சட்டவிரோதமானவை என்று கூறி, அவற்றின் அட்டூழியங்களைத் தடுக்கத் தவறும் அதிகாரிகள்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2018இல் சக்தி வாஹினி வழக்கில், வயது வந்த இருவரின் திருமண விருப்பத்தில் எந்தக் கூட்டமும் குறுக்கிட முடியாது என்று தடுப்பு நடவடிக்கைகளை வரிசையாக வகுத்துக் கொடுத்தது. மதம் சார்ந்த தீர்ப்பாயங்களுக்கும் இதே அளவுகோல்தான்: ஃபத்வாவுக்குச் சட்ட வலு இல்லை, விரும்பாதவரை அது கட்டுப்படுத்தாது என்றது உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு. புதுக்கோட்டையில் ஷரீபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாத் ஒன்றை உருவாக்கினார். ஆண்கள் மட்டும் அமரும் கூட்டத்தில் பெண்ணின் வழக்கு என்னவாகிறது என்று அனுபவத்தில் கண்டவர்கள் கேட்ட கேள்வியின் விளைவு அது. குப்பங்களில் அப்படி ஒன்று ஏன் இன்னும் வரவில்லை என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

தெண்டம் கட்டாவிட்டால் பார்த்துக்கொள்கிறோம் என்பது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவின்கீழ் மிரட்டிப் பணம் பறித்தல் ஆகலாம், 351ஆம் பிரிவின்கீழ் குற்றமுறு மிரட்டல் ஆகலாம். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ ஊர் விலக்குச் செய்வதாக மற்றவர்கள் மிரட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே பாயும். எல்லாச் சாதியினருக்கும் பொதுவாக ஊர் விலக்கைக் குற்றமாக்கும் தனிச் சட்டத்தை மகாராஷ்டிரம் 2016இல் நிறைவேற்றியது. இங்கே அப்படிச் சட்டமில்லாததால், ஊர் விலக்குக்கு ஆளானவர் மிரட்டல், வழிமறித்தல் என்று துண்டு துண்டாகத்தான் புகார் எழுத வேண்டியிருக்கிறது.

பாலியல் வன்கொடுமை, குழந்தைகள்மீதான குற்றம் போன்றவை எந்தச் சபையிலும் பேசித் தீர்க்கக் கூடியவை அல்ல. 2015இல் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்திலேயே ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கு சமரசத்துக்கு அனுப்பப்பட்டு, அப்படிப்பட்ட சமரசம் கூடாது என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நீதிமன்றமே சறுக்கிய இடத்தில் ஊர்க்கூட்டம் சறுக்காது என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

அடுத்தது போலீஸ். பஞ்சாயத்து பிடிக்காதவர்கள் நேரே ஸ்டேஷனுக்குத்தான் போகிறார்கள். அங்கும் நடப்பது இன்னொரு பஞ்சாயத்து. சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து, குடும்பத் தகராறுகளில் உட்கார வைத்துப் பேசுவது அந்த நிலையங்களின் அன்றாட வேலையாகவே ஆகிவிட்டது. சில நேரம் அதனால் நன்மையும் உண்டு. ஆனால் வீட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானிக்கும் அதிகாரம் எந்த இன்ஸ்பெக்டருக்கும் கிடையாது. நீங்கள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியது தெண்டம், மிரட்டல் ஆகியவை பற்றிய புகாருக்காக மட்டும். சொத்து விஷயத்தை அதில் கலக்காமல், யார், எந்த நாள், எந்த வார்த்தையில் மிரட்டினார் என்று எழுதிக் கொடுங்கள். குறைந்தபட்சம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்காமல் எழுந்துவராதீர்கள். அந்தச் சிறு சீட்டு பின்னால் எத்தனை முறை கைகொடுக்கும் என்பது வக்கீல்களுக்குத் தெரியும்.

இனிப் பணமில்லாதவர் எங்கே போவது என்ற கேள்வி. வறுமை காரணமாக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அரசியல் சாசனத்தில் 39அ பிரிவு சேர்க்கப்பட்டது. அதைச் செயல்படுத்த 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவில் யார் யாருக்கு இலவச சட்ட உதவி என்ற பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லை. நீங்கள் பெண் என்ற ஒன்றே போதும். வருமானச் சான்றிதழ் கேட்டு யாராவது அலைக்கழித்தால் இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள். பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்துக்குப் போய் சென்னை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எது என்று விசாரித்து, வெள்ளைத்தாளில் தமிழிலேயே மனு எழுதிக் கொடுக்கலாம். போக முடியாவிட்டால் 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு ஆகியவை ஆணைக்குழுவைச் சேர்ந்தவை. நியமிக்கப்படும் வக்கீல் உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால் அதே அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து வேறு வக்கீலைக் கேட்கலாம். கேட்கத் தயங்க வேண்டாம், இப்படி மாற்றிக் கொடுப்பது வழக்கத்தில் உள்ளதுதான்.

அங்கே உடனே வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. வழக்குக்கு முந்தைய மனுவாகவே கொடுத்தால், அண்ணன்கள் இருவருக்கும் ஆணைக்குழுவிலிருந்து அழைப்பு போகும். அவர்கள் வந்து பேசி உடன்பாடு ஏற்பட்டால் அது மக்கள் நீதிமன்றத்தின் தீர்வாக, லோக் அதாலத் அவார்டாக, எழுதப்படும். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அது உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்குச் சமம். அதை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. சொன்னபடி பணம் தராவிட்டால் அதை நடைமுறைப்படுத்தக் கோரி நேரே நிறைவேற்று மனு போடலாம். ஊர்ப் பஞ்சாயத்துத் தாளுக்கும் இதற்கும் இருக்கும் வேறுபாடு இதில்தான். அண்ணன்கள் வர மறுத்தால் கட்டாயப்படுத்த முடியாது, லோக் அதாலத்துக்குத் தானாக நியாயம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் கிடையாது. அப்போது அதே ஆணைக்குழு தரும் வக்கீல் வழியாக நகர உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு.

லோக் அதாலத்தைப் புகழ்ந்து மட்டும் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே நாளில் இத்தனை ஆயிரம் வழக்குகள் முடிந்தன என்று செய்தித்தாளில் வரும் எண்ணிக்கைக்குப் பின்னால், விபத்தில் காலை இழந்த ஒருவர், ஆறு ஆண்டு அலைந்த களைப்பில், தமக்கு வர வேண்டியதில் பாதிக்குத் தலையாட்டும் காட்சியும் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீலுக்கு அவசரமில்லை, இவருக்கு வாடகை பாக்கி. மதிலோரம் நின்ற பெண்ணின் தலையாட்டலுக்கும் இதற்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை. ஆனால் இங்கே "இது போதாது, எனக்கு வழக்கே நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வர முடியும். யாரும் முன்பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே போகும்முன், இதற்குக் குறைந்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்ற உங்கள் கடைசித் தொகையை நீங்களே தீர்மானித்துக்கொண்டு போங்கள்.

அந்தத் தொகையைக் கணக்கிடுவது கடினமில்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் பத்திரப் பதிவுக்கு அரசு உங்கள் தெருவுக்கு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பைப் பார்க்கலாம். அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற வீட்டின் விலையையும் விசாரியுங்கள். பேச்சுக்கு, வீடு முப்பது லட்சம் என்றால் உங்கள் பங்கு பத்து லட்சம். ஐம்பதாயிரம் என்பது அதில் இருபதில் ஒரு பங்கு. சிறிய வீட்டை மூன்றாக வெட்ட முடியாது என்று பஞ்சாயத்தில் சொல்லியிருப்பார்கள். உண்மைதான், அதற்கும் 1893ஆம் ஆண்டிலேயே பாகப்பிரிவினைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பிரிக்க முடியாத வீட்டை விற்றுப் பணத்தைப் பங்கிட நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்படி விற்கும்படி குறைந்தது பாதிப் பங்குக்கு உரியவர்கள் கேட்டால், மற்றவர்கள் மதிப்பீட்டு விலையைக் கொடுத்து அவர்கள் பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்ளலாம். அண்ணன்களிடம் மொத்தமாகப் பத்து லட்சம் இருக்காது என்பது உங்களுக்கும் தெரியும். தவணை, அல்லது மாடியில் ஓர் அறை கட்டிக் கொடுத்து அதை உங்கள் பெயரில் எழுதுவது என்று பேச்சு பல வழிகளில் போகலாம். அதைத்தான் சமரசர் முன்னால் பேச வேண்டும்.

சமரசம் என்ற சொல்லைப் பழைய பஞ்சாயத்தோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கச் சில வரிகள். இந்தியாவிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரசத் தீர்வு மையம் 2005இல் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு அதற்கு முன்னின்றார். வழக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்க அனுப்பலாம் என்ற உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு உருவம் கொடுத்ததும், நம் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில்தான். அங்கே சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருவரோடும் சேர்ந்தும், பிறகு ஒவ்வொருவரோடும் தனியாகவும் பேசுவார்; தனியாகச் சொன்னதை உங்கள் அனுமதியில்லாமல் மறுதரப்பிடம் சொல்ல மாட்டார், அங்கே பேசியதைப் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. தாய்மாமனின் படகுக் கூட்டைப் பற்றிச் சொல்ல அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது இந்தத் தனியறைதான். வழக்குப் போட்டு, பிறகு தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டால்கூடக் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று 2021இல் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் இன்னும் ஒரு படி போய், ஒரு பகுதி மக்களின் அமைதியைக் கெடுக்கக்கூடிய தகராறுகளுக்குச் சமுதாய சமரசம் என்று 43, 44ஆம் பிரிவுகளை வைத்திருக்கிறது. இருதரப்பும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமோ மாவட்ட நிர்வாகத்திடமோ மனுச் செய்ய வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு பேசும். குழுவுக்கான பெயர்ப் பட்டியலில் பகுதியில் மதிப்புள்ளவர்களோடு பெண்களுக்கும் இடம் தரச் சொல்கிறது சட்டம். ஊர்ப் பெரியவர்களைச் சட்டத்தின் கூரைக்குள் அழைத்துவரும் முயற்சி என்று இதை வாசிக்கலாம். ஆனால் அங்கே எட்டும் உடன்பாடு தீர்ப்பாணையாக நிறைவேற்றத்தக்கதல்ல என்று சட்டமே சொல்லிவிடுகிறது. அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று முதற்கட்டமாக நடைமுறைக்கு வந்த பிரிவுகளில் இவையிரண்டும் இல்லை. சொத்துப் பங்குக்கு உங்களுக்கு ஏற்றது லோக் அதாலத் அவார்டுதான்.

ஊரைப் பகைத்துக்கொள்ளாமல் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் முடியும் என்பதே என் அனுபவம், சொல்லும் விதத்தைப் பொறுத்து. பஞ்சாயத்துத் தலைவரிடம் போய், உங்கள் முடிவை நான் மதிக்கவில்லை என்று சொல்ல வேண்டிய தேவை எங்கே இருக்கிறது? "தலைவரே, நாளைக்கு அண்ணன் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் இதையே கிளறக் கூடாது, கோர்ட்டு முத்திரை விழுந்த தாளாக இருக்கட்டும், நீங்களும் வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். பத்திரம் பக்காவாக இருக்க வேண்டும் என்ற பேச்சுக்குக் குப்பத்தில் யாரும் எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள். ஆவணமில்லாததால் இடம் பறிபோன கதை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. தலைவர் உங்களோடு வந்தால் அண்ணன்களும் வந்துவிடுவார்கள். அவர் அங்கே உட்கார்ந்து பேசட்டும், தாளில் சாட்சியாகக் கையெழுத்தும் போடட்டும்.

அதற்கு முன் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், அல்லது அண்ணன்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டார்களா என்று விசாரியுங்கள். அதில் உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் உடனே ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வேண்டும், இதைத் தள்ளிப்போடக் கூடாது. வீட்டின் வில்லங்கச் சான்று ஒன்றையும் எடுத்து வையுங்கள். பங்குதாரர்களுக்குள் பாகப்பிரிவினை கேட்க உடனடிக் கெடு எதுவும் இல்லை என்றாலும், பஞ்சாயத்துப் பேச்சில் ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கும்போது வீடு வேறொருவருக்குக் கைமாறிவிடக்கூடும். அண்ணன்கள் அப்பாவிடம் வாங்கியதாகவோ, உங்களுக்குத் தர வேண்டியதாகவோ கைமாற்றுக் கடன் ஏதும் இருந்தால், அதற்குக் கெடு மூன்று ஆண்டு. பஞ்சாயத்தில் பேசிக்கொண்டிருந்த காலம் அதிலிருந்து கழியாது. கெடு முடிவதற்குள் "இவ்வளவு தர வேண்டியுள்ளது" என்று கடன் வாங்கியவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். தந்தை இறந்தே மூன்று ஆண்டு ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் கடன் ஏதாவது இருந்தால் இந்த வாரமே ஆணைக்குழு வக்கீலிடம் தேதிகளைக் காட்டிவிடுங்கள்.